ஆபரேஷனுக்குப் போகும்போது ஸ்டீராய்டு மாத்திரையை என்ன செய்வது?

கோத்தகிரி மார்க்கெட் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். நான் மருந்தாளுநர். கட்டபெட்டு, அரவேணு, சோலூர்மட்டம், கீழ்க்கோத்தகிரி என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்கள் அவர்களில் நிறையப் பேர். முடக்குவாதம் வந்து விரல் கோணி, முழங்கால் தேய்ந்து, இனிமேல் மூட்டு மாற்று ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்ன பிறகு கோயம்புத்தூருக்குக் கிளம்புவார்கள். எக்ஸ்ரே கவர், காப்பீட்டு அட்டை, வாக்கர், கூட இருக்கப் போகிறவருக்குப் போர்வை என்று எல்லாவற்றையும் யோசித்து எடுத்துவைப்பார்கள். தினமும் காலையில் சாப்பிட்டதும் போடுகிற ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி மட்டும் பேச்சே வராது. வந்தாலும் இப்படித்தான் கேட்பார்கள்: "இதை எத்தனை நாளைக்கு முன்னாடி நிறுத்தணும், தங்கச்சி?"

நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லாமல் நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். காரணம் தெரிந்தால்தான் நாளைக்கு ஆஸ்பத்திரியில் யாராவது அவசரத்தில் ஒன்று சொன்னாலும் நின்று, "இது ஸ்டீராய்டு, இதையுமா?" என்று திருப்பிக் கேட்க முடியும்.

டாக்டர் சீட்டில் ப்ரெட்னிசோலோன் என்று இருக்கும். கடையில் வைசோலோன், ஓம்னாகார்டில் என்று கேட்பார்கள். சிலருக்கு டெஃப்லசகார்ட் எழுதியிருப்பார்கள். எல்லாம் ஒரே குடும்பம். நம் உடம்பே இதே வகை ஹார்மோன் ஒன்றைத் தயாரிக்கிறது. இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் சுரக்கின்றன. விடியற்காலையில் அதிகம், ராத்திரியில் குறைவு. அதனால்தான் மாத்திரையையும் காலையில் போடச் சொல்கிறார்கள். சாதாரண நாளில் ஒருவர் உடம்பில் ஊறும் கார்டிசால் சுமார் 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதும், ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்காமல் காப்பதும் அதன் வேலை. பெரிய காய்ச்சல், அடி, ஆபரேஷன் என்று வந்தால் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கும்.

வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், "போதும், நீ சுரக்க வேண்டாம்" என்று மூளை அட்ரீனலுக்கு உத்தரவு போட்டுவிடும். வேலை இல்லாத சுரப்பி மெல்லச் சுருங்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த தேயிலை ஃபேக்டரியில் ஒரு லாரி கொழுந்தைக் கொண்டுவந்து இறக்கி, இன்றைக்கே அரைத்துக் கொடு என்றால் நடக்குமா? மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் தினமும் 5 மில்லிகிராமோ அதற்கு அதிகமோ சாப்பிட்டவர்களுக்கு இந்த நிலைமை வந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. எல்லாருக்கும் வந்துவிடாது. ஆனால் யாருக்கு வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சுரப்பி பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தாள். 1950-ல் இந்த அட்ரீனல் ஹார்மோன் ஆராய்ச்சிக்காக ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகமே கொண்டாடிய மருந்து. இரண்டே வருஷத்தில், 1952-ல், அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இன்னொரு செய்தி வந்தது. மாதக்கணக்கில் கார்டிசோன் எடுத்துவந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு, அதை நிறுத்திவிட்டு இடுப்பில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து, என்ன கொடுத்தும் ஏறாமல் இறந்துபோனார். வயது 34. பிரேதப் பரிசோதனையில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிப் போயிருந்தன. முடக்குவாதம், மூட்டில் ஆபரேஷன், நிறுத்தப்பட்ட ஸ்டீராய்டு. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் அதே மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள், வழக்கமாக வரும் ஓர் அக்கா கவுன்ட்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்களின் முட்டியெல்லாம் வீங்கியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. வாந்தி வருகிற மாதிரியே இருக்கிறது, கேஸ் மாத்திரையும் ஒரு உப்புச் சர்க்கரைப் பொடியும் கொடு என்றார்.

"ஆபரேஷன் எப்போங்கக்கா?"

"வர்ற வியாழக்கிழமை. அதுக்குள்ள இது வேற."

"காலையில போடுற வைசோலோன் போட்டீங்களா?"

"அதெல்லாம் அப்பவே நிறுத்தியாச்சு. போன்ல சொன்னாங்கல்ல, எல்லா மாத்திரையும் நிறுத்திட்டு வாங்கன்னு."

உட்கார வைத்து பி.பி. பார்த்தேன், குறைவாக இருந்தது. நிற்க வைத்துப் பார்த்தபோது இன்னும் இறங்கியது, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவரே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், படுத்தே கிடக்கத் தோன்றுகிறது என்றார். வீட்டில் எல்லாரும் ஆபரேஷன் பயம் என்று நினைத்திருக்கிறார்கள். அவருடைய முடக்குவாத டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் அப்போதே மாத்திரையைப் போடச் சொல்லி, அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். அங்கே ஊசியும் டிரிப்ஸும் போட்ட பிறகு சாயங்காலத்துக்குள் முகம் தெளிந்துவிட்டது. ஆபரேஷன் தேதி தள்ளிப் போனது, அவ்வளவுதான். அவர் மட்டும் அன்றைக்கு நேரே மலை இறங்கிப் போய் ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

போனில் பேசியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்தவேண்டிய மாத்திரைகள் உண்மையிலேயே இருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள், சர்க்கரைக்கான சில மாத்திரைகள் எல்லாம் டாக்டர் சொல்லும் கணக்குப்படி நிறுத்தப்படும். அதைச் சுருக்கி "எல்லா மாத்திரையும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவர் சொன்னதை அப்படியே செய்கிறவராக இருந்தால் ஆபத்து அங்கேதான். நம் ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சொன்னதை மீறவே மாட்டார்கள்.

சரி, நிறுத்தக் கூடாது. அப்படியானால் அதிகமாகக் கொடுக்க வேண்டுமா? இங்கேதான் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது.

1952 செய்திக்குப் பிறகு பல வருஷங்களுக்கு, ஸ்டீராய்டு சாப்பிடுகிற யாராக இருந்தாலும் ஆபரேஷன் அன்றைக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் பெரிய அளவில் போட்டுவிடுவார்கள். உடம்பு சுரக்கவேண்டியதை நாமே கொடுத்துவிடுவோம் என்ற கணக்கு. பிறகுதான் சந்தேகம் வந்தது. அவ்வளவு தேவையா? ஸ்டீராய்டு அதிகமானால் புண் ஆறுவது தாமதமாகும், சர்க்கரை ஏறும், கிருமித் தொற்றுக்கு வழிவிடும். செயற்கை மூட்டில் கிருமி புகுந்துவிட்டால் அதைப் போல ஒரு சங்கடம் இல்லை. சில சமயம் போட்ட மூட்டையே கழற்றி எடுக்கவேண்டி வரும். அமெரிக்காவின் முடக்குவாத மருத்துவர்கள் அமைப்பும், இடுப்பு முழங்கால் அறுவை மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2017-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். 2022-ல் அதைப் புதுப்பித்தார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றும் முடக்குவாத நோயாளிகளுக்கு வழக்கமாகச் சாப்பிடும் அளவையே ஆபரேஷன் அன்றும் தொடரலாம், அதற்கு மேல் பெரிய அளவில் கொடுக்க வேண்டாம் என்பது அவர்கள் சொல்வது. அட்ரீனல் சுரப்பியிலேயே நோய் இருப்பவர்களுக்கும், வளரும் வயதில் மூட்டுவாதத்துக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் இது பொருந்தாது என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

பிரிட்டனில் மயக்க மருந்து டாக்டர்கள் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு பக்கம் நிற்கிறது. நான்கு வாரமோ அதற்கு மேலோ தினமும் 5 மில்லிகிராமோ கூடுதலோ ப்ரெட்னிசோலோன் எடுத்தவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றால், மயக்கம் கொடுக்கும்போது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் நரம்பில் கொடுத்து, பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் டிரிப்ஸில் விடச் சொல்கிறார்கள். கொடுப்பதால் வரும் கெடுதலைவிடக் கொடுக்காமல் விட்டால் வரும் ஆபத்து பெரியது என்பது அவர்கள் கணக்கு.

இரண்டையும் படித்துப் பார்த்த எனக்கு, எந்தப் பக்கம் போவது என்பது மயக்க மருந்து டாக்டர் ஆளைப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவு என்றுதான் படுகிறது. எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார், என்ன அளவு, சர்க்கரை இருக்கிறதா, ஆபரேஷன் எவ்வளவு நேரம் என்று அவர் பார்ப்பார். நோயாளிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் வேண்டியது இரண்டு வழியிலும் ஒன்றேதான். தினசரி மாத்திரை தொடர வேண்டும், அந்த மாத்திரை இருக்கிறது என்று மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் மேசையில் பி.பி. விழும்போது அவர் கை நேராக ஹைட்ரோகார்டிசோனுக்குப் போகும். தெரியாவிட்டால் ரத்தப்போக்கா, இதயமா என்று தேடிக்கொண்டிருப்பார்.

முடக்குவாதத்துக்குத் தருகிற மற்ற மாத்திரைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனோமைடு இவற்றைப் பெரும்பாலும் தொடரச் சொல்லித்தான் அதே அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. நிறுத்தினால் நோய் கிளம்பி, புது மூட்டை மடக்கிப் பழக வேண்டிய நேரத்தில் கையும் காலும் வீங்கிக் கிடக்கும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதைத் தினமும் என்று யாராவது எழுதிவிட்டால் உயிருக்கே ஆபத்து, அந்த ஒன்றை வீட்டுக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். அடாலிமுமாப் போன்ற விலை உயர்ந்த ஊசிகள் வேறு கதை. அடுத்த ஊசிக்கான நாள் வந்ததும் அதைப் போடாமல், அந்த வாரத்தில் ஆபரேஷனை வைத்துக்கொள்வார்கள். தையல் பிரித்து, புண் ஆறுகிறது என்று உறுதியான பிறகு, சுமார் இரண்டு வாரத்தில், மறுபடி தொடங்குவார்கள். டோஃபாசிடினிப் மாத்திரையை மூன்று நாள் முன்னால் நிறுத்துவார்கள். இதையெல்லாம் முடக்குவாத டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி எழுதித் தர வேண்டும்.

ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதால் அது எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு மூட்டு மாற்றிய பிறகு தொற்று வருவது கூடுதல். அதனால் அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே, மெதுவாக, 20 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டுத்தான் தேதி குறிக்கப் பார்ப்பார்கள். அந்த "முன்கூட்டியே" என்பது மாதக்கணக்கு. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நாமாகக் குறைப்பது அதில் சேராது.

முழங்காலுக்குள் போடுகிற ஸ்டீராய்டு ஊசியையும் மறந்துவிடுவார்கள். வலி தாங்காமல் மேட்டுப்பாளையத்தில் ஒருவரிடம் போய் மூட்டில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, அடுத்த மாதமே அதே மூட்டை மாற்றப் போகிறவர்கள் உண்டு. மூட்டில் ஊசி போட்டு மூன்று மாதம் ஆவதற்குள் அந்த மூட்டை மாற்றினால் கிருமி புகும் ஆபத்து கூடுகிறது. எப்போது, எந்தக் காலில் ஊசி போட்டீர்கள் என்பதை எலும்பு டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நேரம் பேசியது, தான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர்களைப் பற்றி. என்னைத் தூங்கவிடாமல் செய்வது தெரியாமல் சாப்பிடுகிறவர்கள்தான்.

கையில் ஒரு வெள்ளைக் காகிதக் கவரோடு வருவார்கள். உள்ளே அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட மாத்திரைகள், மூன்று நிறம், நான்கு நிறம். பேர் இல்லை, அளவு இல்லை. "இந்த செட் கிடைக்குமா? இதைப் போட்டா அன்னிக்கே கொழுந்து பறிக்கப் போயிடுவேன்" என்பார்கள். அதில் ஒரு பொடி மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன். டெக்ஸாமெத்தசோன் மாதிரி தெரியும், உறுதியாகச் சொல்ல முடியாது. டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராம்தான் ப்ரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். கடுகு மாதிரி இருப்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்டீராய்டு என்பது டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத மருந்து. ஆனாலும் எங்கேயோ கிடைக்கிறது, வாரச் சந்தைக்குப் போகிற மாதிரி போய் வாங்கி வருகிறார்கள். மூட்டுவலிக்கு என்று பேர் தெரியாத ஆட்கள் விற்கிற சில பொடிகளிலும் இதைக் கலந்துவிடுகிறார்கள்.

பனிக் காலத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு விரலை மடக்க முடியாமல், வெந்நீரில் கையை முக்கி வைத்து, ஏழரை மணிக்குத் தோட்டத்தில் நிற்கவேண்டிய பெண்ணுக்கு அந்தக் கவர் ஏன் தேவைப்படுகிறது என்று எனக்குப் புரிகிறது. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அவர்களை நான் திட்டியதே இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் அதைச் சாப்பிட்டுவிட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை சார், வலி மாத்திரை மட்டும்தான்" என்று சொல்வார்கள். அங்கேதான் வயிறு கலங்குகிறது. பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடையாளங்கள் உண்டு. கன்னம் உப்பி முகம் வட்டமாகும். கையில் லேசாக இடித்தாலும் கருநீலமாகக் கன்றிப் போகும். பசி கூடும், வயிறு பெருக்கும், இல்லாத சர்க்கரை புதிதாக வரும். அந்தக் கவரை இரண்டு நாள் நிறுத்தினால் உடம்பு முழுக்க வலி வந்து படுக்கையில் தள்ளும். இதில் ஒன்றிரண்டு இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: மிச்சம் இருக்கிற மாத்திரைகளோடு அந்தக் கவரையே எடுத்துக்கொண்டு போய் மயக்க மருந்து டாக்டர் மேசையில் வையுங்கள், வெட்கப்படாதீர்கள். சந்தேகம் இருந்தால் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்துக் கார்டிசால் அளவு பார்ப்பார்கள். அதுவும் போதாது என்றால் ஓர் ஊசி போட்டு, அட்ரீனல் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. இது தெரிந்துகொண்டு செய்கிற ஆபரேஷன் வேறு, தெரியாமல் செய்கிற ஆபரேஷன் வேறு.

என் பெரியம்மாவுக்கு வலது முழங்காலை மாற்றியபோது இதையெல்லாம் வீட்டிலேயே செய்து பார்த்தோம். ரொம்ப வருஷமாக முடக்குவாதம், தினமும் ப்ரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட். ஒரு முழுத்தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதினேன். மருந்தின் பேர், அளவு, எந்த வருஷத்திலிருந்து, கடைசியாக எப்போது அளவு கூடியது அல்லது குறைந்தது, மூட்டில் ஊசி போட்டதுண்டா, முடக்குவாத டாக்டரின் போன் நம்பர். மேலே சிவப்பு மையில் "தினசரி ஸ்டீராய்டு, நிறுத்தக் கூடாது" என்று எழுதி, எக்ஸ்ரே கவரின் வெளிப்பக்கத்தில் ஒட்டினேன். பிரிட்டனில் இதற்கென்றே ஓர் அவசர அட்டை கொடுத்து எப்போதும் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். நமக்கு ஒரு தாளும் பசையும் போதும்.

மயக்க மருந்து டாக்டர் அந்தத் தாளைத்தான் முதலில் படித்தார். பிறகு பெரியம்மாவை வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தைக் குனிந்து நிமிரச் சொன்னார், கழுத்துக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். முழங்காலுக்கு வந்தால் கழுத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று பெரியம்மாவுக்கு ஒரே குழப்பம். முடக்குவாதம் கழுத்தெலும்பின் மேல் மூட்டையும் தளர்த்திவிடும், தெரியாமல் கழுத்தை வளைத்தால் தண்டுவடம் நசுங்கலாம். நீண்ட நாள் முடக்குவாதம் இருப்பவர்களுக்குக் கழுத்தைப் பார்க்காத டாக்டரிடம் நாமே கேட்கலாம், தப்பில்லை.

ஆபரேஷன் அன்று விடிகாலையில் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார்கள். சோறு தண்ணீர் கூடாது என்று சொன்ன நாளில் மாத்திரை மட்டும் எப்படி என்று வார்டில் ஒருவர் தடுக்க, கூட இருந்த என் அக்கா அந்தத் தாளைக் காட்டினாள், டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஆபரேஷனில் பி.பி. நிலையாகவே இருந்தது, கூடுதல் ஊசி வேண்டியிருக்கவில்லை. அன்று ராத்திரிதான் வாந்தி தொடங்கியது. மறுநாள் காலை போட்ட மாத்திரை அப்படியே வெளியே வந்துவிட்டது. அக்கா டியூட்டி சிஸ்டரிடம் உடனே சொன்னாள். மாத்திரைக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோனை நரம்பில் கொடுத்தார்கள், வாந்தி நின்று கஞ்சி இறங்கும்வரை அப்படியே போனது. வாந்தி எடுத்த மாத்திரை உள்ளே போகாத மாத்திரைதான். அதைச் சொல்லாமல் விட்டால், நிறுத்தியதும் இதுவும் ஒன்றுதான்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஏன் நாலு வேளையும் விரலில் குத்துகிறார்கள் என்றும் பெரியம்மா கேட்டார். ஸ்டீராய்டும் ஆபரேஷனும் சேர்ந்து சர்க்கரையைத் தூக்கும், தூக்கினால் புண் ஆறாது. அப்புறம் தோல். பல வருஷ ஸ்டீராய்டில் அவர் முன்கைத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்திருந்தது. டிரிப்ஸ் ஊசியை எடுக்கும்போது பிளாஸ்டரோடு தோலும் உரிந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு காகித டேப் வாங்கிக் கொடுத்தோம், எடுப்பதற்கு முன் நனைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல உரித்தார்கள். வாக்கரிலும் யோசிக்க வேண்டியிருந்தது. கோணிய விரலால் சாதாரண வாக்கரின் பிடியை இறுக்க முடியாது. முன்கையைத் தாங்குகிற மேடை வைத்த வாக்கர்தான் அவருக்கு ஒத்துவந்தது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு எங்கள் மாதிரி மலை ஊர்களுக்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தோ மரம் விழுந்தோ பாதை நின்றுவிடும். கீழ்க்கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்கள் கடைக்கு வந்து சேர்வதே அந்த நாட்களில் பெரும்பாடு. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் வீட்டில் எப்போதும் ஓர் அட்டை மிச்சம் இருக்க வேண்டும். தீர்ந்த பிறகு வாங்கலாம் என்ற பேச்சே கூடாது. காய்ச்சல் அடித்தால் எவ்வளவு கூட்டிப் போடவேண்டும் என்று டாக்டரிடம் முன்னாலேயே எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து மாத்திரை தங்கவில்லை, தலை சுற்றுகிறது, ஆள் சோர்ந்து பேச்சுக் குழறுகிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு விஷயம் நடக்கிறது. முழங்கால் வலி போய்விடும், படியேறுவார்கள், ரேஷன் கடைக்குத் தாங்களே நடந்து போவார்கள். நோயே போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை விட்டுவிடுவார்கள். மாற்றியது ஒரு மூட்டைத்தான், முடக்குவாதம் அப்படியேதான் இருக்கிறது, அட்ரீனலும் இன்னும் விழித்திருக்காது. குறைக்க முடியும், டாக்டர் மனது வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தவும் முடியும். 5 மில்லிகிராமுக்கு வந்த பிறகு ஒவ்வொரு மில்லிகிராமாக, இடையில் வாரக்கணக்கில் பொறுத்து இறக்குவார்கள். பெரியம்மாவுக்கு இப்போது 4 மில்லிகிராம். இடது முழங்காலுக்கும் தேதி கேட்டிருக்கிறார்கள். புதிய அளவும் அது மாறிய தேதியும் போட்டு வேறு தாள் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.